கடைப் பெயர் யாருடையது?

ஈரோட்டில் மரச்செக்கு எண்ணெய் ஆட்டி விற்பவரிடமோ, வீட்டிலேயே இட்லிப் பொடி அரைத்துப் பாக்கெட் போடுகிற பெண்ணிடமோ கேட்டுப் பாருங்கள்: “கடைப் பெயரைப் பதிவு செய்துவிட்டீர்களா?” “ஜிஎஸ்டி எடுத்தாச்சே” என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். சிலர் உத்யம் சான்றிதழைக் காட்டுவார்கள். உணவுத் தொழிலில் இருப்பவர்கள் எஃப்எஸ்எஸ்ஏஐ எண்ணைச் சொல்வார்கள். எல்லாமே தேவையான காகிதங்கள்தான். ஆனால் இவற்றில் ஒன்றுகூடப் பெயரை உங்களுக்குச் சொந்தமாக்காது. ஜிஎஸ்டி வரிக்கான எண். உத்யம் தொழிலின் அளவைச் சொல்லும் பதிவு. எஃப்எஸ்எஸ்ஏஐ உணவுப் பாதுகாப்புக்கானது. ஒரே பெயரில் பத்துப் பேர் பத்து ஊரில் ஜிஎஸ்டி எடுத்தால் யாரும் தடுக்கப் போவதில்லை. வீட்டு வரி கட்டிய ரசீது வீட்டுப் பத்திரம் ஆகாது என்பது நமக்குத் தெரியும். கடைப் பெயர் விஷயத்தில் மட்டும் அதை மறந்துவிடுகிறோம்.

பிரைவேட் லிமிடெட் கம்பெனியாகப் பதிவு செய்தவர்கள் கொஞ்சம் தெம்பாக இருப்பார்கள். அதே பெயரிலோ மிக நெருக்கமான பெயரிலோ இன்னொரு கம்பெனியை மத்திய கம்பெனி விவகார அமைச்சகம் அனுமதிக்காது, உண்மைதான். ஆனால் அந்தத் தடை கம்பெனிகளுக்குள் மட்டும். பக்கத்துத் தெருவில் ஒருவர் தனி உரிமையாளராக அதே பெயரில் போர்டு மாட்டினால் கம்பெனிப் பதிவு அவரைத் தொடாது. இன்னொரு சங்கடமும் இருக்கிறது. உங்கள் கம்பெனிப் பெயர் வேறொருவருடைய பதிவான டிரேட்மார்க்கை ஒத்திருந்தால், கம்பெனி தொடங்கிய 3 ஆண்டுகளுக்குள் அவர் 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி முறையிட்டு, பெயரை மாற்ற வைக்கலாம். சீல், லெட்டர்ஹெட், வங்கிக் கணக்கு எல்லாம் மறுபடி முதலிலிருந்து. இணையதள முகவரியும் இன்ஸ்டாகிராம் பெயரும் முதலில் கேட்டவருக்குக் கிடைப்பவை. அவற்றாலும் உரிமை வராது.

பெயருக்கான உரிமை 1999ஆம் ஆண்டு டிரேட்மார்க்ஸ் சட்டத்தில்தான் இருக்கிறது. 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டம். அதைப் பற்றி முதலில் மனத்தில் வைக்க வேண்டியது: பதிவு செய்தால்தான் உரிமை பிறக்கிறது என்று இந்தச் சட்டம் சொல்லவில்லை. பெயரை முதலில் நேர்மையாகத் தொழிலில் பயன்படுத்தியவரிடமே உரிமை தொடங்குகிறது. பதிவு அதற்கு வலுவான சான்று.

இதை நம் ஊர் வழக்கு ஒன்றே உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனது. திருநெல்வேலியில் நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே, மாலையில் திறந்து கொஞ்ச நேரத்தில் விற்றுத் தீர்ந்துவிடும் இருட்டுக்கடை அல்வாவைத் தெரியாதவர்கள் குறைவு. மங்கலான விளக்கு வெளிச்சத்தில் நடந்த கடைக்கு ஊர் வைத்த பெயர் அது. அதே ஊரில் இன்னொருவர் முன்னால் ‘திருநெல்வேலி’ என்று சேர்த்து, ‘திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா’ என்று விற்றார். பழைய கடைக்காரர் வழக்குப் போட்டார். எதிர்த்தரப்பின் வாதம் கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது: “எனக்கும் டிரேட்மார்க் பதிவு இருக்கிறது. இரண்டு பேரிடமும் பதிவு இருந்தால் ஒருவர் மீது ஒருவர் அத்துமீறல் வழக்குப் போட முடியாது என்று சட்டமே சொல்கிறது.” சட்டத்தில் அப்படி ஒரு விதி இருக்கவும் செய்கிறது. ஆனால் 2015இல் உச்ச நீதிமன்றம் பழைய கடையின் பக்கமே நின்றது. தன் சரக்கை இன்னொருவர் சரக்கு என்று நம்பவைத்து விற்பதைத் தடுக்கும் உரிமை பதிவுக்கும் மேலானது. முதலில் பயன்படுத்தியவருடைய உரிமையைப் பின்னால் வந்த பதிவு அழிக்காது என்பது தீர்ப்பின் சாரம். சட்டத்தின் 27ஆம், 34ஆம் பிரிவுகள் இதற்கு அடிப்படை.

அப்படியானால் பதிவு எதற்கு? பழைய கடைக்குத் தலைமுறைகளின் சாட்சி இருந்தது, ஊரே சாட்சி. நேற்று தொடங்கிய பொடிக் கம்பெனிக்கு யார் சாட்சி? பதிவு இல்லாதவர் நீதிமன்றத்தில் மூன்றை நிரூபிக்க வேண்டும்: தன் பெயருக்குச் சந்தையில் நற்பெயர் இருக்கிறது, எதிராளி அதைப் போல நடித்து வாடிக்கையாளரைக் குழப்புகிறார், அதனால் தனக்கு நஷ்டம் வரும். மூன்றுக்கும் ஆவணம் வேண்டும். பதிவு இருந்தால் சான்றிதழே பாதி வேலையைச் செய்துவிடும். அதோடு, உங்கள் ஊர் மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம். போலி விற்பவர் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. சிறு வியாபாரிக்கு இது சாதாரண சலுகை அல்ல.

பதிவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் முதல் நாளிலிருந்தே சேர்த்து வைக்க வேண்டியவை உண்டு. பெயர் அச்சிட்ட முதல் பில், கவர் அடித்துக் கொடுத்த அச்சகத்தின் ரசீது, திறப்பு விழா நோட்டீஸ், தேதியோடு கூடிய போர்டு புகைப்படம், உள்ளூர் நாளிதழ் விளம்பரம், ஆண்டுவாரி விற்பனைக் கணக்கு. இங்கேதான் ஜிஎஸ்டி கணக்கும் எஃப்எஸ்எஸ்ஏஐ உரிமமும் உதவிக்கு வருகின்றன. உரிமையைத் தராத அந்தக் காகிதங்கள், எந்தத் தேதியிலிருந்து அந்தப் பெயரில் தொழில் நடக்கிறது என்பதற்கு நல்ல சாட்சி. விண்ணப்பத்தில் ‘2016 முதல் பயன்படுத்துகிறேன்’ என்று சொன்னால் அதற்குப் பிரமாணப் பத்திரமும் ஆதாரமும் சேர்த்தே கொடுக்க வேண்டும். தேதியைக் கூட்டிச் சொல்லாதீர்கள். பிற்பாடு எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் பிடிப்பது அந்தத் தேதியைத்தான்.

இனி, எந்தப் பெயரைக் காப்பாற்ற முடியும்? பெரும்பாலான சிறு தொழில்கள் தோற்பது டிரேட்மார்க் அலுவலகத்தில் இல்லை, பெயர் வைக்கும் நாளிலேயே. சரக்கு என்ன, எப்படிப்பட்டது, எந்த ஊரிலிருந்து வருகிறது என்று சொல்லும் சொற்களைத் தனி ஒருவருக்குக் கொடுக்க 9ஆம் பிரிவு தடை போடுகிறது. ‘மரச்செக்கு’, ‘சுத்தமான’, ‘நாட்டுச் சர்க்கரை’, ‘கோவை’ என்பவை எல்லா வியாபாரிக்கும் வேண்டிய சொற்கள். ‘பவன்’, ‘விலாஸ்’, ‘ஸ்டோர்ஸ்’ போன்ற வால்களும் அப்படியே. நம் ஆட்களுக்கு இது பிடிப்பதில்லை. வாசலில் நிற்பவருக்கு உள்ளே என்ன விற்கிறது என்று பெயரே சொல்லிவிட வேண்டும் என்பார்கள். விளம்பரத்துக்கு அது நல்லது, உரிமைக்குக் கெடுதல். இருட்டு என்ற சொல்லுக்கும் அல்வாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அதுதான் அந்தப் பெயரின் பலம்.

சாமி பெயர் வைப்பவர்கள் 2015இல் வந்த இன்னொரு உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத் தெரிந்துகொள்வது நல்லது. ஊதுபத்திக்கு ‘ராமாயண்’ என்ற பெயரைத் தனக்கே தரவேண்டும் என்று ஒருவர் கேட்டார். புனித நூலின் பெயரை ஒருவர் மட்டும் உரிமை கொண்டாட முடியாது என்று நீதிமன்றம் மறுத்தது. முருகன், மாரியம்மன், அன்னபூரணி பெயர்களில் கடை நடத்தக் கூடாது என்று இதற்குப் பொருள் இல்லை. நடத்தலாம், அடுத்தவரையும் தடுக்க முடியாது. சாமி பெயரை விட மனமில்லாவிட்டால் அதோடு உங்களுக்கே உரிய இன்னொரு சொல்லையோ படத்தையோ சேர்த்து, அந்த முழுச் சேர்க்கையைப் பதிவு செய்யுங்கள். பாதுகாப்பும் அந்தச் சேர்க்கைக்குத்தான் கிடைக்கும்.

சொந்தப் பெயர் வைக்கலாமா? வைக்கலாம். ஆனால் அதே பெயருள்ள இன்னொருவர் தன் பெயரில் நேர்மையாகத் தொழில் செய்தால் 35ஆம் பிரிவு அவரைக் காக்கும்.

போர்டில் இருப்பது ஒன்று, ஊர் கூப்பிடுவது இன்னொன்று என்ற நிலையும் உண்டு. திண்டுக்கல்லில் 1957இல் ‘ஆனந்த விலாஸ் பிரியாணி ஹோட்டல்’ என்றுதான் அந்தக் கடை தொடங்கியது. முதலாளி தலையில் கட்டியிருந்த தலைப்பாகையை வைத்து ஜனங்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டு, அது தலப்பாக்கட்டி பிரியாணி ஆனது. பிற்பாடு சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது அந்தப் பட்டப்பெயருக்காகத்தான். ஆனந்த விலாஸுக்காக அல்ல. உங்கள் கடையை வாடிக்கையாளர்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்று காது கொடுத்துக் கேளுங்கள். அதையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள்.

பெயர் முடிவானதும் டிரேட்மார்க் அலுவலகத்தின் ஐபி இந்தியா தளத்தில் தேடிப் பார்க்க வேண்டும். கட்டணம் கிடையாது. எழுத்தை மட்டும் தேடினால் போதாது, ஓசையையும் தேடுங்கள்; அதற்குத் தனி வசதி அங்கேயே இருக்கிறது. ஒரு எழுத்தை மாற்றிவிட்டால் வேறு பெயர் என்று நினைப்பது வீண். 1962இல் உச்ச நீதிமன்றம் ‘அமிர்ததாரா’, ‘லக்ஷ்மண்தாரா’ என்ற இரண்டு மருந்துப் பெயர்களும் குழப்பம் தரும் அளவுக்கு ஒத்தவை என்றே சொன்னது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர் கணக்கில் இல்லை. அரைகுறை ஞாபகத்தோடு கடைக்கு வருகிற சாதாரண ஆள்தான் அளவுகோல்.

அடுத்தது கிளாஸ். உலகத்துச் சரக்குகளையும் சேவைகளையும் 45 வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள்: 1 முதல் 34 வரை சரக்கு, 35 முதல் 45 வரை சேவை. காப்பி, மசாலாப் பொடி, மிட்டாய் 30இல். ஊறுகாய், சமையல் எண்ணெய், பால் பொருட்கள் 29இல். உட்கார்ந்து சாப்பிடும் ஓட்டல் 43இல். ஆயத்த ஆடை 25இல், சோப்பு 3இல். மெஸ் நடத்துபவர் 30இல் மட்டும் பதிவு செய்துவிட்டு நிம்மதியாக இருப்பதை அடிக்கடி பார்க்க முடிகிறது; அவருக்கு முதலில் வேண்டியது 43. ஒவ்வொரு கிளாஸுக்கும் தனிக் கட்டணம் என்பதால் ஆசைக்கு அடுக்க வேண்டாம். இன்று விற்பது, அடுத்த ஓரிரு ஆண்டில் விற்கப்போவது, இவை போதும். பதிவு செய்துவிட்டு 5 ஆண்டும் 3 மாதமும் பயன்படுத்தாமல் கிடந்த பெயரை நீக்கச் சொல்லி, அதனால் பாதிக்கப்பட்டவர் யாரும் கேட்கலாம்.

வகுப்பு ஒன்றாக இருந்தாலே சண்டை வந்துவிடும் என்றும் இல்லை. கர்நாடகப் பால் கூட்டமைப்பின் ‘நந்தினி’ பாலைத் தெரியும். பெங்களூரில் ‘நந்தினி டீலக்ஸ்’ என்று உணவகம் நடத்தியவர் பதிவு கேட்டபோது கூட்டமைப்பு எதிர்த்தது. 2018இல் உச்ச நீதிமன்றம் உணவகத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஒரு வகுப்பில் பதிவு வைத்திருப்பதால் அந்த வகுப்பிலுள்ள எல்லாப் பொருளுக்கும் ஏகபோகம் வந்துவிடாது. எழுதும் விதமும் படமும் வேறு, பொருளும் வேறு என்றது. பால், பால் பொருட்களை மட்டும் உணவகம் விட்டுக்கொடுத்தது. பெரிய நிறுவனத்திடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்ததும் போர்டைக் கழற்ற ஓடுபவர்கள் இந்த வழக்கை நினைவில் வைத்துக்கொள்ளலாம். முதலில் பார்க்க வேண்டியது: அவர்கள் பதிவு எந்தப் பொருளுக்கு, அவர்கள் எப்போதிலிருந்து, நீங்கள் எப்போதிலிருந்து.

விண்ணப்பம் டிஎம்-ஏ என்ற படிவம். தனிநபர், ஸ்டார்ட்அப், சிறுநிறுவனம் என்றால் இணையவழியில் ஒரு கிளாஸுக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. சிறுநிறுவனச் சலுகைக்கு உத்யம் சான்றிதழ் வேண்டும். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அலுவலகம் சென்னை கிண்டியில், ஜிஎஸ்டி சாலையில். இணையத்திலேயே முடித்துவிட்டால் போக வேண்டியதில்லை. பெயரை எழுத்தாகப் பதிவு செய்வதா, லோகோவாகவா என்ற கேள்வி உடனே வரும். ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், பெயர் தனித்தன்மையோடு இருக்கும்வரை எழுத்தையே எடுங்கள். லோகோவை நாலு வருடத்தில் மாற்றுவீர்கள். பெயரை மாற்ற மாட்டீர்கள். தமிழ் எழுத்தில் பதிவு கேட்டால் அதன் உச்சரிப்பையும் பொருளையும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதித்தர வேண்டும்.

லோகோ என்றதும் ஒன்று. வரைந்து கொடுத்த டிசைனருக்குப் பணம் கொடுத்தாகிவிட்டது, அதனால் அது நம்முடையது என்று நினைக்கிறோம். பதிப்புரிமை எழுத்தில் மாற்றித் தரப்பட வேண்டும். அந்த எழுத்திலும் எத்தனை ஆண்டுக்கு என்று சொல்லாவிட்டால் 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் அதை வெறும் 5 ஆண்டு என்றே எடுத்துக்கொள்ளும். எந்த நாடு என்று சொல்லாவிட்டால் இந்தியா மட்டும். ஒரு பக்கக் கடிதத்தில் முடிகிற வேலை.

விண்ணப்ப எண் கிடைத்த நாளிலிருந்து பெயருக்குப் பக்கத்தில் டிஎம் என்று சிறிதாகப் போடலாம். விண்ணப்பிக்காமலே போட்டாலும் தவறில்லை. வட்டத்துக்குள் ஆர் என்ற குறி வேறு. சான்றிதழ் கையில் வந்த பிறகுதான் அதைப் போட வேண்டும். பதிவாகாத பெயருக்குப் போட்டால் சட்டப்படி அபராதம் உண்டு.

பிறகு அலுவலகத்துப் பரிசோதகர் அறிக்கை அனுப்புவார். பெரும்பாலான விண்ணப்பங்களுக்கு ஏதாவது ஆட்சேபம் இருக்கும், பதற வேண்டாம். ஆனால் 30 நாளுக்குள் பதில் போக வேண்டும். போகாவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படலாம். ஏஜென்ட்டிடம் கொடுத்தவர்கள் கோட்டை விடுவது இங்கே. அறிக்கை ஏஜென்ட்டின் மின்னஞ்சலுக்குப் போகும். அவர் வேறு வேலையில் இருப்பார். தளத்தில் விண்ணப்ப எண்ணைத் தட்டி மாதம் ஒருமுறை நிலவரத்தை நீங்களே பாருங்கள். ஆட்சேபம் தீர்ந்தால் திங்கள்கிழமைதோறும் வெளியாகும் டிரேட்மார்க்ஸ் ஜர்னலில் பெயர் வரும். அன்றிலிருந்து 4 மாதம் யாரும் எதிர்க்கலாம். எதிர்ப்பு வந்து அதன் நகல் உங்களுக்குக் கிடைத்தால் 2 மாதத்துக்குள் பதில் மனு போட்டாக வேண்டும். இதற்கு நீட்டிப்பு கிடையாது. எதிர்ப்பே இல்லையென்றால் சான்றிதழ். விண்ணப்பித்த தேதியிலிருந்து 10 ஆண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பித்துக்கொண்டே போகலாம். விண்ணப்ப விவரங்கள் எல்லாருக்கும் தெரியும்படி இருப்பதால், இடையில் ‘உங்கள் பெயருக்கு ஆபத்து, உடனே பணம் கட்டுங்கள்’ என்று அலுவலகம் போலவே பேசும் அழைப்புகள் வரும். தளத்தில் இல்லாத எதற்கும் பணம் கட்டாதீர்கள்.

சட்டப் புத்தகங்கள் அவ்வளவாகப் பேசாத, ஆனால் நம் குடும்பத் தொழில்களை உடைக்கிற விஷயம் ஒன்று: விண்ணப்பம் யார் பெயரில்? அப்பா தொடங்கிய கடை. மூத்த மகன் படித்தவர், கணினி தெரியும். அவர் பெயரிலேயே போட்டுவிடுகிறார்கள். பத்து வருடம் கழித்துத் தம்பி தனியாகக் கிளை திறக்கும்போது அண்ணன் நோட்டீஸ் விடுகிறார். கூட்டுத்தொழில் என்றால் பங்குதாரர்கள் எல்லாருடைய பெயரையும் காட்டி நிறுவனத்தின் பெயரில் விண்ணப்பியுங்கள். ஒப்பந்தப் பத்திரத்தில் ‘பெயர் நிறுவனத்துக்குச் சொந்தம், விலகுபவர் பயன்படுத்தக் கூடாது’ என்றோ, பயன்படுத்தலாம் என்றால் எந்த ஊரில், எப்படி என்றோ ஒரு வரி இருக்கட்டும். நல்ல உறவு இருக்கும்போது இதை எழுதச் சங்கடமாக இருக்கும். கெட்டபிறகு எழுத முடியாது. கிளை உரிமை கொடுப்பவர்களும் எழுத்தில் கொடுக்க வேண்டும், தரத்தைச் சோதிக்கும் உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொள்ள வேண்டும்.

போலி வந்துவிட்டால்? முதலில் அந்தப் பாக்கெட்டைப் பில்லோடு விலை கொடுத்து வாங்கி வையுங்கள். பிறகு வக்கீல் நோட்டீஸ், பிறகு மாவட்ட நீதிமன்றம் அல்லது உயர் நீதிமன்றம். போலீசிலும் புகார் தரலாம், ஆனால் டிஎஸ்பி அல்லது அதற்கு மேற்பட்ட அதிகாரிதான் வாரண்ட் இல்லாமல் சோதனை போட முடியும், அதற்கு முன் டிரேட்மார்க் பதிவாளரின் கருத்தையும் பெற வேண்டும். எதுவானாலும் தள்ளிப்போடாதீர்கள். பின்னால் வந்தவர் பதிவும் பெற்று, நீங்கள் தெரிந்தே 5 ஆண்டு சும்மா இருந்தால், அவர் நேர்மையில்லாமல் பதிவு செய்தார் என்று காட்டினாலொழிய உங்கள் எதிர்ப்பு எடுபடாது. உங்களை ஒத்த பெயர் ஜர்னலில் வரும்போதே எதிர்ப்பதுதான் மலிவு: இணையவழியில் ஒரு கிளாஸுக்கு 2,700 ரூபாய்.

ஊர்ப் பெயரால் விற்பவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019இலும், கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020இலும் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பதிவகம் நாடு முழுமைக்கும் சென்னை கிண்டியில்தான் இருக்கிறது. அந்தப் பெயர் தனி ஆளுடையது அல்ல, அந்த வட்டாரத்துத் தயாரிப்பாளர்களுடையது. கோவில்பட்டிக்காரர் அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிந்துகொண்டு ஊர்ப் பெயரையும், பக்கத்தில் தன் கடைப் பெயரைத் தனி டிரேட்மார்க்காகவும் போட்டுக்கொள்ளலாம்.

கடைசியாக, வெளிநாடு. இந்தியப் பதிவு இந்தியாவுக்கு மட்டும். சிங்கப்பூர், மலேசியா, ஐக்கிய அமீரகம் என்று நம் சரக்கு போகும் நாடுகளில் அந்தந்த நாட்டில் பதிவு வேண்டும். விநியோகஸ்தர் தன் பெயரில் பதிவு செய்துகொண்டால் மீட்பது பெரும்பாடு. இந்தியா 2013இல் மாட்ரிட் நெறிமுறை ஒப்பந்தத்தில் சேர்ந்தது. இந்த மூன்று நாடுகளும் அதில் உள்ளன. எனவே இங்கிருந்தே ஒரே விண்ணப்பத்தில் அவற்றைக் கேட்கலாம். ஆனால் முதல் 5 ஆண்டு அது இந்தியப் பதிவைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். இங்கே விழுந்தால் அங்கேயும் விழும். கிண்டியில் எதிர்ப்பு நிலுவையில் இருக்கிறது என்றால், அந்தந்த நாட்டிலேயே நேரடியாக விண்ணப்பிப்பது செலவு கூடினாலும் பாதுகாப்பானது.